நீலத்துக்கு முன் மஞ்சள்

மயில்கழுத்து நிறத்தில் முடி வேண்டும் என்று ஆசைப்பட்டு, நீலச் சாயம் ஒரு டப்பா வாங்கிவந்து, கருகருவென்ற முடியில் அப்பி ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசினால் என்ன கிடைக்கும்? அதே கருப்பு முடிதான் கிடைக்கும். வெயிலில் நின்றால் லேசாக ஒரு நீல மினுக்கம் தெரியலாம், அவ்வளவுதான். காசு வீண் என்று டப்பாவைத் திட்டுவோர் உண்டு. சாயத்தின் மேல் குற்றமில்லை. சாயம் என்பது வெளிச்சத்தில் சில நிறங்களை உறிஞ்சிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும் பொருள். திருப்பி அனுப்ப அதற்கு வெளிச்சம் மிஞ்ச வேண்டும். கருமுடிக்குள் இருக்கும் மெலனின் எதையும் மிச்சம் வைப்பதில்லை.

ஆகவே முடிக்கு நீலமோ ஊதாவோ பச்சையோ ஏற்றுவது என்பது ஒன்றல்ல, இரண்டு வேலை. முதலில் உள்ள நிறத்தை எடுக்க வேண்டும். பிறகு வேண்டிய நிறத்தை வைக்க வேண்டும். இரண்டாவது வேலை எளிது, அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் வேலையில்தான் முடி பிழைக்குமா, கடைசியில் கண்ணாடியில் என்ன நிறம் தெரியும் என்ற இரண்டுமே தீர்மானமாகின்றன. வீட்டிலேயே இதைச் செய்ய நினைக்கும் பலர் சாயத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவழித்துவிட்டு, நிறத்தை எடுக்கும் பிளீச்சைப் பற்றி ஐந்து நிமிடம் யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன். தலைகீழாக இருக்க வேண்டிய கணக்கு அது.

பாலூட்டிகளின் உரோமத்துக்கு இயற்கை கொடுத்திருக்கும் நிறமி மெலனின் மட்டுமே. அதில் இரண்டு வகை. கருப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். செம்மையும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். புலியின் மஞ்சள், நரியின் செம்பழுப்பு, கரடியின் கருப்பு எல்லாம் இந்த இரண்டின் அளவும் கலவையும் மாறுவதால் வருபவை. நீலத்துக்கு நிறமி கிடையாது, பச்சைக்கும் கிடையாது. தென்னமெரிக்கக் காடுகளில் மரக்கிளையில் தொங்கும் ஸ்லாத் பச்சையாகத் தெரிவது அதன் உரோமத்தில் வளரும் பாசியால். மாண்ட்ரில் குரங்கின் முகத்து நீலம், தோலுக்குள் இருக்கும் கொலாஜன் இழைகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. நீல முடி வேண்டுமானால் மனிதன் வேதியியலிடம்தான் போயாக வேண்டும்.

போவதற்கு முன் முடி என்பது என்ன என்று பார்த்துவிடலாம். நம் ஊர் முடி ஒன்றின் குறுக்களவு சுமார் 70, 80 மைக்ரோமீட்டர். வெளியே கியூட்டிகிள் என்னும் செதிலுறை: கண்ணாடித்தன்மையுள்ள தட்டையான செதில்கள், ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறியபடி, ஐந்து முதல் பத்து அடுக்குவரை படிந்திருக்கும். உள்ளே கார்டெக்ஸ். முடியின் பெரும்பகுதி இதுதான்; நீளவாக்கில் ஓடும் கெரட்டின் புரத இழைகளின் கட்டு. அந்த இழைகளுக்கு இடையில் மெலனின் துகள்கள் பதிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அளவு. முடியின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்குகூட மெலனின் இராது. அவ்வளவு கருமையும் அந்தச் சிறு பங்கின் வேலை.

இன்னொன்றும் மனத்தில் இருக்க வேண்டும். தோலுக்கு வெளியே இருக்கும் முடியில் உயிரணு எதுவும் இல்லை. தோல் கிழிந்தால் ஆறும், எலும்பு முறிந்தால் கூடும். முடியில் உடைந்தது உடைந்ததுதான். கடையில் விற்கும் எந்த ‘ஊட்டமும்’ அதைத் திரும்ப வளர்க்காது. பூச்சுப் பூசலாம், வழவழப்பாக்கலாம், இன்னும் உடையாமல் தள்ளிப்போடலாம்.

செதிலுறையின் மேற்பரப்பில் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று வேதிப்பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. நீரை விலக்குவது அதுதான். இதை வீட்டிலேயே பார்க்கலாம். எதுவும் செய்யாத முடிக்கற்றையை வாரி இறுக்கிப் பிடித்து அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் சொட்டு உருண்டு நிற்கும். பிளீச் செய்த கற்றையில் விட்டால் கண்ணெதிரே உள்ளே இறங்கிவிடும். பிளீச்சின் காரத்தன்மை முதலில் பறிப்பது இந்தப் படலத்தைத்தான். பிளீச் செய்த முடி காய நேரம் எடுப்பதும், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்குவதும் இதனால்தான்.

முடியை வெளுக்கும் வேலையைச் செய்யும் மூலப்பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு. பிரான்சின் லூயி ஜாக் தெனார் 1818இல் கண்டறிந்தது. 1867இல் பாரிஸில் நடந்த பெரும் கண்காட்சியில் லண்டன் வாசனைத் திரவிய வியாபாரி தியெலேயும் பாரிஸ் சிகையலங்காரர் லியோன் ஹியூகோவும் இதைக்கொண்டு முடியை வெளுத்துக் காட்டினார்கள். அதற்கு முன்பு சாம்பல் காரமும் வெயிலும்தான் வழி. 1931இல் ஜீன் ஹார்லோ நடித்த ‘பிளாட்டினம் பிளாண்ட்’ படம் வந்ததும் அமெரிக்காவில் வெள்ளிக்கு அருகிலான பொன்முடி ஒரு மோகமாகவே ஆயிற்று. நீலமும் இளஞ்சிவப்பும் தெருவுக்கு வந்தது அதற்கு வெகு பின்னால், பங்க் இசைக்காரர்கள் காலத்தில். டிஷ், ஸ்னூக்கி பெலோமோ சகோதரிகள் நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் தெருவில் ‘மேனிக் பேனிக்’ கடையைத் திறந்தது 1977இல். குளியலறையில் கையுறை மாட்டிக்கொண்டு தாங்களே நிறம் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பரவியதில் அந்தத் தலைமுறைக்குப் பெரிய பங்கு உண்டு.

பிளீச் பெட்டிக்குள் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று டெவலப்பர் என்னும் வெள்ளைக் கிரீம். பெராக்சைடு அதில் இருக்கிறது. மற்றது பவுடர், அதில் அம்மோனியம், பொட்டாசியம் பெர்சல்ஃபேட் உப்புகளும் காரமும் இருக்கின்றன. டெவலப்பர் டப்பாவில் 10, 20, 30, 40 வால்யூம் என்று போட்டிருப்பதைப் பலரும் வெறும் வரிசை எண் என்று நினைக்கிறார்கள். அது ஓர் அளவு. 20 வால்யூம் என்றால், அந்தக் கரைசல் ஒரு லிட்டர் முழுவதுமாகச் சிதைந்தால் 20 லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும் என்று பொருள். பெராக்சைடு கணக்கில் அது 6 சதவீதம். 30 என்றால் 9, 40 என்றால் 12. கலந்த பிளீச்சை மூடிபோட்டு எடுத்துவைக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது: உள்ளே பிறக்கும் வாயு போக வழியில்லாமல் டப்பா வெடிக்கும். கலக்குவதற்கு உலோகக் கிண்ணம் வேண்டாம், பிளாஸ்டிக் போதும். சாக்கடைக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் வேறு பொருள். அதை முடிக்கருகில் கொண்டுவரவே கூடாது, அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும்.

பெராக்சைடு தனியாக இருக்கும்போது சாதுவாகத்தான் இருக்கிறது. காரம் சேர்ந்ததும் அதிலிருந்து பிறக்கும் பெர்ஹைட்ராக்சில் அயனிதான் வேலைக்காரன். காரத்தில் முடி ஊதிப் பெருத்து, செதில்கள் விலகி, அது உள்ளே போக வழி கிடைக்கிறது. பெர்சல்ஃபேட்டும் கூடவே போகிறது. மெலனின் துகள் முதலில் கரைகிறது. கரைந்த மெலனின் பிறகு துண்டு துண்டாக உடைந்து நிறம் இழக்கிறது.

உடலும் இதே பொருளால் இதே காரியத்தைச் செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. காரின் ஷால்ராய்ட்டர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நரைத்த முடியின் மயிர்க்கால்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு தேங்கியிருப்பதைக் காட்டினார்கள். அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி வயதாக ஆகக் குறைகிறது. மெலனின் தயாரிக்கும் ஏற்பாடு பழுதாகிறது. நரைமுடி வெளுத்தே பிறக்கிறது. கருமுடியை, அது பிறந்த பிறகு நாம் வெளுக்கிறோம்.

வெளுக்கும்போது கருப்பு நேராக வெள்ளைக்குப் போவதில்லை. கருப்பு, செம்பழுப்பு, செம்மை, ஆரஞ்சு, மஞ்சள், வெளிர்மஞ்சள் என்று படிப்படியாகத்தான் இறங்கும். முதல்முறை பிளீச் போட்டவர்கள் இருபதாவது நிமிடத்தில் கண்ணாடியைப் பார்த்து அலறுவது இந்த ஆரஞ்சைக் கண்டுதான். ஒன்றும் கெட்டுவிடவில்லை, வழியிலுள்ள ஊர் அது. காபி டிக்காஷனை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக இருக்கும்போது கருப்பு. நீர் சேர்க்கச் சேர்க்கச் சிவப்பு, பிறகு தேன்நிறம், கடைசியில் மங்கலான மஞ்சள். மெலனினும் அப்படித்தான். ஒளியின் எல்லா நிறங்களையும் அது உறிஞ்சும் என்றாலும் நீலத்தை மிக அதிகமாகவும் சிவப்பை மிகக் குறைவாகவும் உறிஞ்சும். அது குறையக் குறைய முதலில் சிவப்பு தப்பித்து வெளியே வருகிறது, பிறகு பச்சை, கடைசியாக நீலம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து கண்ணுக்கு வந்தால் அது மஞ்சள். நீலமும் முழுதாகத் தப்பினால்தான் வெள்ளை. அந்த இடத்துக்குப் போகும் முன்பே பெரும்பாலான முடி பொடிந்துவிடும். மெலனினே இல்லாத கெரட்டினுக்கும் இலேசான மஞ்சள் சாயல் உண்டு.

பொடிவது ஏன்? மெலனினைத் தேடிப்போகும் பெராக்சைடுக்கு மெலனின் எது கெரட்டின் எது என்று பார்க்கத் தெரியாது. கெரட்டின் இழைகளைக் குறுக்கே பிணைத்து உறுதி தருபவை டைசல்ஃபைடு பிணைப்புகள்: இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் இடங்கள். பெராக்சைடு அந்தக் கைகளைப் பிரித்து, ஒவ்வொரு கந்தகத்தின்மேலும் ஆக்சிஜன்களை ஏற்றிவிடுகிறது. பிரிந்தவை மறுபடி சேராது. மிதமான பிளீச்சிங்கில் இந்தப் பிணைப்புகளில் 15 முதல் 25 சதவீதம் போகும். கடுமையாகச் செய்தால் 45 சதவீதம்வரை போகும். ஈரமுடியை மெல்ல இழுத்தால் நீண்டுகொண்டே போய், விட்டால் திரும்பாமல் குழைந்து நின்றால், நிறையப் பிணைப்புகள் போய்விட்டன என்று வைத்துக்கொள்ளலாம். அதன்பிறகு அதன்மேல் இன்னொரு பிளீச் போடுவது பாவம்.

ஆனால் பிரிந்த அந்தக் கந்தகங்களின் கதை அங்கே முடிவதில்லை. ஆக்சிஜன் ஏறிய கந்தகம் சல்ஃபோனேட் என்னும் தொகுதியாக மாறி எதிர்மின்னூட்டத்தோடு நிற்கிறது. நீலம், ஊதா, ரோஜா என்று பளீரென்ற நிறங்களுக்கு விற்கும் செமிபெர்மனன்ட் சாயங்களின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: பேசிக் புளூ 99, பேசிக் ரெட் 51, பேசிக் வயலட் 2 என்று எழுதியிருக்கும். இவை நேர்மின்னூட்டமுள்ள மூலக்கூறுகள். பெராக்சைடு வேண்டாம், அம்மோனியா வேண்டாம். தடவினாலே போய் ஒட்டும். ஒட்டுமிடம் எது? பிளீச் உடைத்துவிட்டுப்போன அதே சல்ஃபோனேட்கள். முடியின் ஒவ்வொரு காயமும் சாயத்துக்கு ஓர் இருக்கை. வலுவான முடியில் நிறம் நிற்காமல் வழிந்துபோவதும், வெளுத்த முடி அதே சாயத்தை ஆவலோடு குடிப்பதும் இதனால்தான். எவ்வளவு நிறம் வேண்டுமோ அவ்வளவு சேதம் தேவை என்று இதற்குப் பொருளல்ல. வேண்டிய நிறத்துக்கு எவ்வளவு மஞ்சள் போதுமோ அங்கே நிறுத்தத் தெரிவதுதான் இந்தக் கலை முழுவதும்.

இந்தச் சாயங்களின் பூர்வீகம் நிலக்கரித் தார். வில்லியம் பெர்கின் 1856இல், பதினெட்டு வயதில், கொய்னா மருந்து செய்யப்போய் மாவ் ஊதாவைக் கண்டெடுத்தார். சில ஆண்டுகளுக்குள் லியோனில் வெர்கன் ஃபுக்ஸின் என்னும் மெஜந்தாவைச் செய்தார். பேசிக் வயலட் 2 அந்த ஃபுக்ஸினின் நெருங்கிய உறவு.

வெளுப்பதை எங்கே நிறுத்துவது? வேண்டிய நிறத்தைப் பொறுத்தது. சிவப்பும் செம்பும் வேண்டுமானால் ஆரஞ்சிலேயே நிறுத்திவிடலாம். அடியில் இருக்கும் ஆரஞ்சு அவற்றுக்குத் துணை. மரகதப்பச்சைக்கு மஞ்சள் போதும். நீலம்தான் கண்டிப்பான எஜமானி. நீலச்சாயம் சிவப்பையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சமுள்ள மெலனின் நீலத்தை உறிஞ்சிக்கொள்ளும். நடுவில் தப்பிப் பிழைப்பது பச்சை. மஞ்சள் முடியில் நீலம் பூசியவர்கள் பச்சைத் தலையோடு நிற்பது இப்படித்தான். ஆரஞ்சின்மேல் பூசினால் இரண்டும் ஒன்றையொன்று கொன்று சேற்றுநிறம் வரும். ஆகவே வெளிர்மஞ்சள் வரை போக வேண்டும், அதற்குமேல் ஊதா டோனரோ ஊதா ஷாம்புவோ கொஞ்சம் போட்டு அந்த மஞ்சளையும் அடக்க வேண்டும். அல்லது, முடி தாங்காது என்று தெரிந்தால், ஊதா கலந்த கருநீலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அடர்ந்த நிறம் அடியிலுள்ள மஞ்சளை மன்னிக்கும். வெளிர்நிறங்கள் எதையும் மன்னிக்காது.

நம் வீடுகளுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்று மருதாணி. அதன் செந்நிறப்பொருள் லாசோன் கெரட்டினோடு நேராகப் பிணைந்துவிடும். பிளீச் மெலனினை எடுத்தாலும் அந்த ஆரஞ்சு விடாது. நரைக்காக மருதாணிக்குமேல் அவுரிப்பொடி போட்டிருந்தால் இன்னும் சங்கடம், பச்சை கலந்த நிறம் எஞ்சி நின்றுவிடும். மருதாணி விழுதை இரும்புச் சட்டியில் ஊறவைப்பது பல வீடுகளில் வழக்கம். அந்த இரும்பு முடியில் தங்குகிறது. இரும்பும் செம்பும் பெராக்சைடைத் தாறுமாறாகச் சிதைத்து, எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல்களை உண்டாக்கும். கடையில் விற்கும் சில ‘கருப்பு மருதாணி’களில் உலோக உப்புகள் இருந்தால், பிளீச் பட்டதும் முடி கொதிக்கும் அளவுக்குச் சூடாவதுண்டு. போர் தண்ணீரிலும் உலோகங்கள் உண்டு. பிளீச்சுக்கு முந்தைய தலைக்குளியலில் இடிடிஏ உள்ள கிளாரிஃபையிங் ஷாம்பு போடுவது இவற்றை ஓரளவு இழுத்தெடுக்கும். குளியலுக்கும் பிளீச்சுக்கும் நடுவே ஓரிரு நாள் விட்டால் தலைத்தோலில் இயற்கை எண்ணெய் கொஞ்சம் சேர்ந்து எரிச்சலைத் தணிக்கும்.

முன்பு என்ன போட்டோம் என்று நினைவில்லாதவர்களுக்கும், நினைவிருப்பவர்களுக்கும்கூட, ஒரே வழி சோதனைக் கற்றை. பிடரியில், மேல்முடி மறைக்கும் இடத்தில், மெல்லிய கற்றை ஒன்றை நூலால் கட்டி வெட்டி எடுங்கள். வெளிர்நீலமாக இருக்கும் பவுடரில் ஒரு சிட்டிகை, அதற்கு இரண்டு பங்கு டெவலப்பர். கலந்ததும் சுருக்கென்று மூக்கிலேறும் அம்மோனியா வாடை. கிரீம் மெல்லப் பொங்கி உயரும். கற்றையை அதில் புதைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். சூடு பறக்கிறதா என்று விரலால் தொட்டறியலாம். சூடானால் உலோகம் இருக்கிறது, அதோடு நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் நிறம் இறங்கும் வேகத்தைக் குறித்துக்கொள்ளலாம். அலசியபின் ஈரத்தோடு இழுத்துப் பாருங்கள், பிறகு அதன்மேலேயே சாயத்தையும் தடவிப் பாருங்கள். தலை முழுவதும் என்ன நடக்கும் என்பதை அந்த நாலு அங்குலம் முன்கூட்டியே சொல்லிவிடும். இதைச் செய்யாமல் யாரும் பிளீச்சைத் தலையில் வைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே கிடையாது. அதேபோல முழங்கை மடிப்பில் சிறிது தடவி 48 மணி நேரம் பார்ப்பதிலும். பெர்சல்ஃபேட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தடிப்பும் மூச்சிரைப்பும் வரும். சிகையலங்காரத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவதற்குத் தெரிந்த காரணங்களில் அது முக்கியமானது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். மின்விசிறியை மட்டும் தலைக்கு நேரே சுழலவிட வேண்டாம், பிளீச் ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும்.

வீட்டில் 20 வால்யூமுக்கு மேல் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. 40 வால்யூம் வேகமாக வெளுக்கும், அதே வேகத்தில் தலைத்தோலையும் புண்ணாக்கும். நம் முடிக்கு ஒரே நாளில் வெளிர்மஞ்சள் வராது. பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் வைக்காமல் அலசிவிட்டு, இரண்டு வாரம் ஆரஞ்சுத் தலையோடு நடமாடிவிட்டு, மறுபடி செய்வதுதான் வழி. இடைப்பட்ட நாள்களில் தேங்காய் எண்ணெய் உண்மையிலேயே உதவும். இது பாட்டி வைத்தியப் பெருமையல்ல. ரேலேயும் மொஹிலேயும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் மினரல் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டையும்விடத் தேங்காய் எண்ணெய்தான் புரத இழப்பைத் தெளிவாகக் குறைத்தது, சேதமான முடியிலும்கூட. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. முடிக்குள் புகுந்து, ஒவ்வொரு குளியலிலும் முடி நீர்குடித்து ஊதுவதைக் குறைக்கிறது.

நீலம் ஏறியபின் அது போய்க்கொண்டேதான் இருக்கும். மின்னூட்டத்தால் மட்டுமே ஒட்டியிருக்கும் சாயத்தை ஷாம்புவும் வெந்நீரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அவிழ்த்துவிடும், வெயில் மீதியைச் சிதைக்கும். தலையணை உறை, துண்டு, மழையில் நனைந்த சட்டைக் காலர் எல்லாவற்றிலும் நீலம் இருக்கும். மங்கும்போது மஞ்சள் மேலெழுந்து பாசிப்பச்சையாகும். கண்டிஷனரில் அதே சாயத்தைக் கொஞ்சம் கலந்து வாரம் ஒருமுறை போட்டால் சரியாகிவிடும். முடிக்கு அதனால் தீங்கில்லை.

தீங்கு காத்திருப்பது வேர்ப்பக்கம். மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவில் புதிய கருமுடி வளர்ந்து வந்துகொண்டிருக்கும். தலைத்தோலின் சூட்டில் அந்த முதல் சென்டிமீட்டர் மிக வேகமாக வெளுக்கும். முதன்முறை பிளீச் போடும்போது வேரைக் கடைசியில் தொட வேண்டும் என்பது அதனால்தான். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் வேரை எடுத்தால் புதுமுடி முழுவதும் அந்தச் சூட்டுக்குள் இருக்கும், ஒரே சீராக வெளுக்கும். மூன்று சென்டிமீட்டர் வளரவிட்டால் வேரோரம் மஞ்சளும் நடுவில் ஆரஞ்சுப் பட்டையும் வரும். பிளீச் எல்லையைத் தாண்டி, முன்பே வெளுத்த முடிமேல் வழிந்தால், ஏற்கெனவே பிணைப்பிழந்த அந்த இடத்தில்தான் முடி முறியும். நல்ல பார்லர்களில் வெளுத்த பகுதி முழுவதும் முதலில் கண்டிஷனரைத் தடிப்பாகப் பூசிவிட்டு, பிரஷ்ஷின் நுனியால் கருப்பை மட்டும் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். வீட்டில் தனியாகச் செய்பவருக்குப் பின்தலை தெரியாது. அந்தப் பகுதிக்காவது இன்னொருவர் கை வேண்டும்.